வீடு தேடிச் செல்லும் நலப்பணி

நுழையும்முன்

நோய் வந்தால் மருத்துவமனைக்குச் செல்கிறோம். மருந்து வாங்கித் திரும்புகிறோம். அந்த மருந்து நாள்தோறும் உரிய வேளையில் உண்ணப்படுவதும், உண்ண இயலாதபோது அதன் காரணம் கண்டறியப்படுவதும் வீட்டில் நிகழ்பவை. மருத்துவமனையின் வாயிலுக்கும் வீட்டின் வாயிலுக்கும் இடையே பணியாற்றுவோர் சமூக நலவாழ்வுப் பணியாளர். அவர்களின் பணி எங்கிருந்து உருவாயிற்று, அதற்குரிய பயிற்சி யாது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு நிலையத்தின் பெயர்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டியில் பயணம் செய்வோர், குரோம்பேட்டையைக் கடந்ததும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையத்தைக் காண்பர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கும் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சானடோரியம் என்பது நெடுநாள் நோயாளர், குறிப்பாகக் காசநோயாளர், தங்கிச் சிகிச்சை பெறும் நலவில்லத்தைக் குறிக்கும் சொல். ஒரு மருத்துவமனை தன் பெயரை ஒரு தொடர்வண்டி நிலையத்திற்கும் அதைச் சூழ்ந்த ஊர்ப்பகுதிக்கும் வழங்கியிருக்கிறது.

அந்நலவில்லத்தை 1928ஆம் ஆண்டு நிறுவியவர் மருத்துவர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பணியாற்றிய பட்டறிவுடன் தாயகம் திரும்பிய அவர், நகரின் நெரிசலுக்கு அப்பால், திறந்த வெளியும் தூய காற்றும் நிறைந்திருந்த தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார். 1937இல் அரசு அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் திகழ்கிறது.

காசநோயைக் குணப்படுத்தும் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தூய காற்று, சத்தான உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சை எனக் கருதப்பட்டன. நோயுற்றவர் குடும்பத்தை விட்டுப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், பிரிந்திருக்க நேர்ந்தது. உழைத்து ஈட்டும் தந்தையோ குழந்தைக்குப் பாலூட்டும் தாயோ நோயுற்றால், அக்குடும்பம் அடைந்த துயர் நோயின் துயரினும் பெரிதாக இருந்தது. இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ள அணியமாக இருந்தவர்களுக்கும் படுக்கைகள் போதவில்லை.

மருத்துவமனையா, வீடா?

1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் காசநோய்க்கான மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்பாட்டுக்கு வந்தன. அப்போது ஒரு வினா எழுந்தது. மருந்து கிடைத்துவிட்ட பின்னரும் நோயாளர் நலவில்லத்தில்தான் தங்கவேண்டுமா? வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டால் குணமடைய மாட்டாரா?

இவ்வினாவுக்கு விடை கண்ட நகரம் சென்னை. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து இதனை அமைத்தன. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கப்படுகிறது. நகரின் ஏழை மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளைச் சேர்ந்த நோயாளர்களை ஆய்வாளர்கள் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் நலவில்லத்தில் தங்கினர். மற்றொரு பிரிவினர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகள் வழங்கப்பட்டன.

நலவில்லத்தில் இருந்தோர் நல்ல உணவும் முழு ஓய்வும் பெற்றனர். வீட்டில் இருந்தோரின் உணவு குறைவு, இடம் நெருக்கடி, பலர் ஓய்வின்றி உழைத்தனர். ஆயினும் 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். பின்னர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் தெளிவாயிற்று. சென்னையின் எளிய வீடுகளில் கிடைத்த இவ்விடை, உலக நாடுகள் பலவற்றின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது. நலவில்லத்துக்கு வெளியே இருந்த எண்ணற்றோருக்குச் சிகிச்சை எட்டும் வழி திறந்தது.

இம்முடிவில் நாம் கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்தவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு தனியே விடப்படவில்லை. செவிலியரும் நலவாழ்வுப் பணியாளரும் அவர்களின் வீடுகளுக்குச் சென்றனர். சில நாள்களில் முன்னறிவிப்பின்றியும் சென்றனர். எஞ்சியுள்ள மாத்திரைகளை எண்ணினர், மருந்து உடலில் சேர்ந்துள்ளதா என அறியச் சிறுநீரைச் சோதித்தனர், குடும்பத்தாருடன் உரையாடினர். வீட்டுச் சிகிச்சையின் வெற்றியில் மருந்துக்கு உள்ள பங்கு அந்நடைகளுக்கும் உண்டு.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறட்பா மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து துணைபுரிபவர் என்பன அவை. முதல் மூன்றையும் எளிதில் நினைவில் கொள்ளும் நாம் நான்காவதை மறந்துவிடுகிறோம். சேத்துப்பட்டு ஆய்வு அந்த நான்காம் கூற்றின் ஆற்றலை அறிவியல்வழி மெய்ப்பித்தது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

கணிதமேதை இராமானுசன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது, மெண்டிப் மலைப்பகுதியில் இருந்த ஒரு நலவில்லத்தில் சிகிச்சை பெற்றார். அந்நலவில்லத்தின் மருத்துவர், பின்னாளில் தாம்பரம் நலவில்லத்தை நிறுவிய டேவிட் சௌரி முத்து ஆவார்.

மாத்திரை நின்றுபோகும் இடம்

இப்பணியின் இயல்பை விளங்கிக்கொள்ள ஒரு நிகழ்வைக் கற்பனை செய்து பார்ப்போம்.

பம்மலில் ஒரு சிறிய வாடகை வீடு. கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி ஒருவருக்குக் காசநோய் உறுதியாகிறது. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் இடைவிடாது மருந்து உண்ணவேண்டும். முதற்சில வாரங்களிலேயே இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. இரண்டாம் மாத இறுதியில் அவர் வேலைக்குத் திரும்புகிறார். மூன்றாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

அவரைத் தேடி வரும் நலவாழ்வுப் பணியாளர், அடுத்த தெருவில் வசிக்கும் ஒரு பெண். “ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள்?” என்று அவர் தொடங்குவதில்லை.

“வேலைக்குப் போக ஆரம்பிச்சாச்சா அண்ணே?” என்று கேட்கிறார்.

“பத்து நாளாப் போறேம்மா. உடம்பு நல்லாத்தான் இருக்கு. மாத்திரை போட்டாத்தான் வயித்தைப் புரட்டுது. சாரத்துமேல நிக்கும்போது தலை சுத்தினா என்ன ஆகுறது, சொல்லு.”

மருந்து நின்றதன் காரணம் இப்போது வெளிப்படுகிறது. அவர் அறியாமையால் நிறுத்தவில்லை. உயரத்திலிருந்து விழுந்துவிடுவோம் என்னும் அச்சத்தால் நிறுத்தியிருக்கிறார். “அப்படின்னா அரை மாத்திரையாப் போடுங்க” என்று சொல்லிவிடுவது பணியாளருக்கு எளிது. ஆயினும் அவர் அவ்வாறு சொல்வதில்லை.

“அதை நானாச் சொல்லக் கூடாதுண்ணே. நாளைக்குக் காலையிலயே டாக்டரைப் பாத்துட்டு வேலைக்குப் போயிடலாம். நானும் வர்றேன். புரட்டலுக்கு அவரே வழி சொல்லுவார்” என்கிறார்.

இடையில் நிறுத்தினால் நோய் மீளவும் வரலாம் என்பதையும், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வலிமை பெற்றால் சிகிச்சை மேலும் நீண்டதாகவும் கடினமாகவும் மாறும் என்பதையும் பின்னர் எடுத்துரைக்கிறார். சத்துணவுக்காகக் காசநோயாளருக்கு மாதந்தோறும் அரசு வழங்கும் தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்துள்ளதா என விசாரிக்கிறார். 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கிய அத்தொகை, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது. வீட்டிலுள்ள குழந்தைகளுக்குப் பரிசோதனை நடந்துள்ளதா என்றும் கேட்டறிகிறார். வெளியே வரும்போது பக்கத்து வீட்டார், “அவருக்கு என்னம்மா வியாதி?” என்று கேட்கின்றனர். “எல்லார் வீட்டுக்கும்தான் வர்றோம்க்கா. உங்க வீட்டுல பிரஷர் பாத்து எத்தனை மாசமாச்சு?” என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

அரைமணி நேர உரையாடல்தான். ஆனால் ஒரு மனிதரின் உயிரும், ஒரு குடும்பத்தின் வருவாயும், அக்குழந்தைகளின் நலமும் அதில் அடங்கியுள்ளன. கடிந்துரைத்திருந்தால் அவர் அடுத்த முறை கதவைத் திறந்திருக்க மாட்டார். மருந்தின் அளவைத் தாமே மாற்றிக் கூறியிருந்தால் பெருந்தீங்கு விளைந்திருக்கும். நோயின் பெயரைப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தால் அவர் வீட்டையே இழந்திருக்கக்கூடும். நற்குணம் மட்டும் உடையவர் இம்மூன்று தவறுகளையும் அறியாமலே செய்துவிடலாம். எனவேதான் இப்பணிக்குப் பயிற்சி இன்றியமையாதது.

உள்ளூராரே பணியாளர்

மக்களின் நலத்தை மக்களிடையே வாழ்வோரைக் கொண்டே பேணலாம் என்னும் எண்ணம் சென்னையின் தென்பகுதியில் முன்னரே வேரூன்றியிருந்தது. மருத்துவப் பேராசிரியராக விளங்கிய கே. எஸ். சஞ்சீவி 1958இல் தன்னார்வ நலப்பணி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தரமணியில் இயங்கும் அதன் மருத்துவமனையோடு நின்றுவிடாமல், புறநகர் ஊர்களில் சிறு நலவாழ்வு மையங்களை அமைத்து, உள்ளூர் மக்களுக்கே பயிற்சியளித்துப் பணியில் ஈடுபடுத்தும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். 1978இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, அடிப்படை நலவாழ்வுச் சேவையை மக்களின் இருப்பிடத்துக்கு அருகில், அவர்களின் பங்கேற்புடன் வழங்கவேண்டும் என அறிவித்தது.

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் துணைச் சுகாதார நிலையத்தின் முதுகெலும்பாக விளங்குபவர் கிராம சுகாதாரச் செவிலியர். கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, பிறந்த குழந்தையின் எடையைக் கவனிப்பது முதலியன அவர்தம் பணிகள். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகிய நோய்களுக்குரிய மருந்துகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இல்லங்களுக்கே கொண்டுசெல்கின்றனர். இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் செவிலியரும் படுக்கையில் இருப்போரை நாடிச் செல்கின்றனர். 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது.

வீட்டிலேயே எல்லாம் இயலும் என்று கருதிவிடலாகாது. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதனை உணர்த்துகிறது. நோய் கண்டறியப்பட்டவரின் உயரம், எடை, மூச்சின் வேகம், இரத்தத்தில் உயிர்வளியின் அளவு, கால் வீக்கம், துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவை தொடக்கத்திலேயே பார்க்கப்படுகின்றன. கடும் நிலையில் உள்ளோர் காலம் தாழ்த்தாது மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். யாரை வீட்டில் வைத்துப் பேணலாம், யாரை உடனே அனுப்பவேண்டும் என்று பிரித்தறிவதே களப்பணியாளரின் முதன்மையான திறன்.

உள்ளத்தின் நலம்

நோய் உடலை மட்டும் வருத்துவதன்று. எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளானோரை ஏற்கப் பலரும் தயங்கிய 1990களில், தாம்பரம் மருத்துவமனை அவர்களை ஏற்றுச் சிகிச்சை அளித்தது. 2004 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. மருந்தைப் போலவே அங்குத் தேவைப்பட்டது, அஞ்சி வந்தவரின் அருகில் அமர்ந்து கேட்கும் செவி. நம்பிக்கை மையங்களில் பணிபுரியும் ஆற்றுப்படுத்துநர், பரிசோதனைக்கு முன்பும் பின்பும் உரையாடி நோயுற்றவரைத் தேற்றுகின்றனர். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

மனநலத்துக்கும் இது பொருந்தும். 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தி பேன்யன்’ அமைப்பு, வீடற்று வாடும் மனநோயுற்ற பெண்களுக்குப் புகலிடம் அளித்தது. பின்னர்க் கோவளம் பகுதியில் மனநலப் பணியை மக்களிடையே கொண்டுசென்றது. மனச்சோர்வு கொண்ட எவரும், மாணவரும், 14416 என்னும் ‘டெலி-மானஸ்’ எண்ணை அழைத்து இலவசமாக ஆலோசனை பெறலாம்.

பயிற்சியில் கற்பவை

இத்துறையின் பயிற்சிகள் பெயரால் வேறுபட்டாலும் அவற்றின் அடிப்படை நான்கு திறன்களே.

முதலாவது, கேட்டல். வினாவை நீட்டி, தீர்ப்பைச் சுருக்கிப் பழகவேண்டும். இரண்டாவது, அளத்தலும் பதிதலும். இரத்த அழுத்தமானியைச் சரியாகப் பொருத்துவதும், கண்ட அளவை அப்படியே எழுதுவதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். பார்க்காத வீட்டைப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதினால், அவ்வீட்டில் உள்ள நோய் அரசின் கண்ணுக்கு மறைந்துபோகும். மூன்றாவது, மறைகாத்தல். வீட்டினுள் கேட்டது வீட்டினுள்ளேயே நிற்கவேண்டும். நான்காவது, எல்லையறிதல். தம்மால் இயலாததை உரியவரிடம் அனுப்புவதும், அனுப்பியவர் அங்குச் சென்று சேர்ந்தாரா என உறுதி செய்வதும் இதில் அடங்கும்.

இவற்றை வகுப்பறையில் மட்டும் கற்க இயலாது. எனவே இப்படிப்புகள் அனைத்திலும் களப்பயிற்சி கட்டாயமாக இடம்பெறுகிறது.

படிப்புகளும் வாயில்களும்

மேல்நிலைக் கல்வியை முடித்தபின் இப்பணிக்குச் செல்லும் வழிகள் பல. உயிரியல் பயின்றோர் செவிலியர் பட்டப்படிப்பு, துணைச் செவிலியர் பயிற்சி, சுகாதார ஆய்வாளர் பயிற்சி ஆகியவற்றை நாடலாம். எப்பிரிவில் பயின்றோரும் சமூகப்பணி, உளவியல் ஆகிய பட்டப்படிப்புகளில் சேரலாம். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும், 1952 முதல் சென்னையில் இயங்கும் சமூகப்பணிக் கல்லூரியிலும் சமூகப்பணி பயிற்றுவிக்கப்படுகிறது. முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், மறுவாழ்வுத் துறையில் பயிற்சி அளிக்கிறது. சித்த மருத்துவம் பயில விழைவோர், தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்துவைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத் தம் உயர்கல்வி இலக்காகக் கொள்ளலாம். சேர்க்கைத் தகுதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் ஆதலின், அவ்வவ்வாண்டின் அறிவிப்பைப் படித்தறிவது நன்று. 2021இல் இயற்றப்பட்ட இணைநிலை நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இத்துறைப் படிப்புகளுக்கும் பணிகளுக்கும் பொதுத்தரத்தை வகுக்க முற்பட்டுள்ளது.

இப்பணியின் கடினத்தையும் மறைக்கலாகாது. வெயிலிலும் மழையிலும் நடக்கவேண்டும். மூடிய கதவுகளையும் சுடுசொற்களையும் எதிர்கொள்ளவேண்டும். நாடெங்கும் உள்ள ‘ஆஷா’ பணியாளருக்கு 2022இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் விருது கிட்டியது. நிலையான ஊதியமும் பணிப்பாதுகாப்பும் வேண்டுமென்ற அவர்களின் கோரிக்கை இன்னும் தொடர்கிறது. பாராட்டு, உரிய ஊதியத்துக்கு ஈடாகாது. இத்துறையில் நுழையும் இளைஞர் தம் உரிமையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இன்றும் நோயாளர் பலர் இறங்குகின்றனர். சிகிச்சை பெற்றபின் அவர்கள் பல்லாவரத்துக்கும் அனகாபுத்தூருக்கும் வண்டலூருக்கும் தத்தம் வீடுகளுக்குத் திரும்புகின்றனர். மருத்துவரும் மருந்தும் அந்நிலையம் வரை துணைவருவர். வீடு வரை உடன் செல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக விளங்கும் வாய்ப்பு, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் உங்களுக்கு உண்டு.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆசிரியருடன் சென்று, அங்குப் பணியாற்றும் ஒருவரின் ஒருநாள் பணியைக் கேட்டறிந்து கட்டுரையாக்குக. நோயாளர் எவரின் பெயரையும் குறிப்பிடற்க.

2. மாத்திரையை நிறுத்திவிட்ட ஒருவருக்கும் நலவாழ்வுப் பணியாளருக்கும் இடையே நிகழும் உரையாடலை வேறொரு காரணத்தை அமைத்து எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.

மதிப்பீடு

குறுவினா
1. ‘தாம்பரம் சானடோரியம்’ – பெயர்க்காரணம் கூறுக.
2. திருக்குறள் கூறும் மருத்துவத்தின் நான்கு கூறுகள் யாவை?

சிறுவினா
1. வீட்டுச் சிகிச்சையின் வெற்றிக்கு மருந்து மட்டுமே காரணமன்று – சேத்துப்பட்டு ஆய்வின்வழி விளக்குக.
2. பம்மல் நிகழ்வில் நலவாழ்வுப் பணியாளர் தவிர்த்த மூன்று தவறுகளை எழுதுக.

நெடுவினா
1. சமூக நலவாழ்வுப் பணிக்கு நற்குணம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.